கடலுக்கு ஷேட் கார்டு காட்டாதே, மருமவனே

வீடு கொள்ளாம், மருமவனே. சும்மா சொல்லப்பிடாது. விழிஞ்ஞத்துல கலங்கரை விளக்கத்துக்கு அடுத்தாப்புல கண்ணுல தட்டுறது ஒன் வீடுதான். வாசக்கதவு தேக்கு, சிட்டவுட்டுத் தூண் தேக்கு, பால்கனிக் கைப்பிடி தேக்கு, வெயிலை மறைக்க ஜன்னலுக்கு முன்னால வரிசையா அடிச்ச சட்டம் அத்தனையும் தேக்கு. இனி கோழிக்கூட்டுக்கும் தேக்குக் கதவு போட்டாச்சுன்னா நிலம்பூர் காடு மொட்டையாயிரும். துபாயில உழைச்ச காசு, ஒன் இஷ்டம். நான் தென்னையும் பனையும் பாத்து வளந்த கெழவன், எனக்கு என்ன தெரியும்?

ஆனாலும் ஃபோனை நீட்டி, “மாமா, வால்நட்டா ரோஸ்வுட்டா, எது எடுப்பா இருக்கும்?”னு கேட்டுட்டியே. கேட்டவனுக்குப் பதில் சொல்லாம இருந்தா பாவம் வந்து சேரும். தேக்கைக் கொள்ளை வெலைக்கு வாங்கி, அது தேக்குன்னு ஒரு பயலுக்கும் தெரியப்பிடாதுன்னு மேல வேற மரத்து நெறத்தைப் பூச நெனச்சே பாரு, இந்த அடக்கம் நம்ம குடும்பத்துல வேற ஒருத்தனுக்கும் கெடையாது. நெறத்தைக் கடைசியில பேசுவோம். மொதல்ல நீ வந்து எறங்கின நேரத்தைப் பேசுவோம்.

பிள்ளையளுக்கு அங்க பள்ளிக்கூட லீவு ஜூலை, ஆகஸ்டுல. அதனால கல்ஃபுல இருக்கப்பட்ட நம்மாளு அத்தனை பேருக்கும் ஊரு ஞாபகம் வாறது கர்க்கடகத்துலதான். எடவப்பாதி தொடங்கி வானம் ஊத்திட்டுக் கெடக்கும். அப்பதான் நீ பெட்டியை எறக்கி வச்ச கையோட பாலீஷ்காரனைக் கூப்பிடுகே. 2024 ஜூலையில நம்ம புதுத் துறைமுகத்துக்கு மொதல் பெரிய கண்டெய்னர் கப்பலா சான் ஃபெர்னாண்டோ வந்தப்ப, இழுவைப் படகுல இருந்து தண்ணி பீச்சி வரவேற்பு கொடுத்தாவ. ஒன் வீட்டு மரத்துக்கு வருசா வருசம் ஜூலையில வானமே அந்த மரியாதையைச் செய்யுது. அந்த நேரம் பாத்து நீ டப்பாவைத் தொறந்தா, பூசுறது மரத்துல நிக்காது, முத்தத்துல நிக்கும். செடிக்கெல்லாம் வால்நட் நெறம் வந்துரும், அது வேணும்னா எடுப்பா இருக்கும்.

மரம் காஞ்சிருக்கணும். ஈரம் பாக்கப்பட்ட சின்ன மீட்டர் ஒண்ணு கெடைக்கு. ரெண்டு முள்ளைக் குத்தினா கணக்குச் சொல்லும். 18 சதவீதத்துக்கு மேல காட்டிச்சுன்னா டப்பாவை மூடி வச்சிட்டுச் சாயை குடிக்கப் போ. நம்ம கரையில மரம் மனசாரக் காயுறது மகரம், கும்பம் ரெண்டு மாசந்தான். ஜனவரி பாதியில இருந்து மார்ச்சு பாதி வரைக்கும்னு வச்சுக்கோ. அப்ப ஒனக்கு லீவு கெடைக்காது, எனக்குத் தெரியும். மரத்துக்கு ஒன் கம்பெனி முதலாளியைத் தெரியாதே, என்ன செய்ய?

கர்க்கடகத்துல வந்தே, வந்ததுக்கு ஒரு வேலை செய்யி. குடையைப் பிடிச்சிட்டு வீட்டைச் சுத்தி நடந்து, மழை எந்தக் கட்டையில அடிக்கி, எந்தக் கட்டையில அடிக்கலன்னு பாரு. அந்தக் கணக்கு எந்தக் கடைக்காரன் கிட்டயும் கெடைக்காது. பத்மநாபபுரம் அரமனைக்கு ஒன் பெண்டாட்டியைக் கூட்டிட்டுப் போயிருக்கேல்லா? 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்குத் தலைநகரம் அது. 56-ல கன்யாகுமரி ஜில்லா தமிழ்நாட்டுப் பக்கம் போன பொறவும், அரமனையை மட்டும் கேரளத் தொல்லியல் துறைதான் பாத்துட்டு இருக்கு. நீ அங்க தரையையும் கட்டிலையும் பாத்து வாயைப் பொளந்திட்டு நின்னிருப்பே. அண்ணாந்து எறவாரத்தைப் பாத்தியா? கூரை எம்புட்டுத் தூரம் வெளிய நீண்டு, எம்புட்டுத் தாந்து வருதுன்னு பாத்தியா? திருவனந்தபுரத்துல சுவாதித் திருநாள் கட்டின குதிரமாளிகையில 122 மரக்குதிரை வரிசையா நிக்குதே, அது எங்க நிக்குது? எறவாரத்துக்கு அடியில. வெயிலும் மழையும் நேர மேல விழாத மரத்துக்குப் பூச்சு என்னத்துக்கு? அந்தக் காலத்து ஆசாரி டப்பா தேடி அலையல, கூரையை நீட்டிப் போட்டான்.

நீ என்ன செஞ்சே? ஆர்க்கிடெக்ட்டு சொன்னான்னு மேல காங்கிரீட்டுப் பெட்டி, எறவாரமே கெடையாது. ‘மாடர்ன் லுக்கு’. ஒன் தேக்கு மொட்டை வெயில்ல நிக்குது, லுக்கு விட்டுட்டு. செரி, கட்டியாச்சு, இடிக்க முடியாது. பால்கனிக்கு மேல மட்டுமாவது ஒரு சாய்ப்பு எறக்கிப் போடு. அதுக்கு ஆகுற காசுக்குப் பல வருசத்துப் பூச்சு மிச்சமாவும்.

இனி டப்பா விசயத்துக்கு வருவோம். ஒனக்குக் கண்ணாடி கணக்கா மினுங்கணும், அடியில தேக்கு ரேகை தெரியணும். ஹால்ல கெடக்க மேசைக்குன்னா வச்சுக்கோ, நான் குறுக்க வரல. வெளிய அது நடக்காது. ஏன்னு கேளு. மரத்துல நாரை நாரோட பிடிச்சு வைக்கப்பட்ட ஒரு பசை உண்டு, லிக்னின்னு படிச்சவன் சொல்லுகான். வெயில்ல இருக்கப்பட்ட புற ஊதாக் கதிரு அந்தப் பசையைத்தான் தின்னும். நெறமில்லாத வார்னிஷ் வழியா வெயிலு நேர உள்ள எறங்கிரும். வார்னிஷ் மேல சிரிச்சிட்டு இருக்கும், அடியில மரத்தோட தோலு செத்துக்கிட்டு இருக்கும். பிடி விட்டதும் ஓரத்துல சின்ன வெடிப்பு. அதுவழியா தண்ணி உள்ள போவும், வெளிய வராது. பொறவு வெள்ளையாப் பொக்குளிச்சு, கறுப்பாப் பூஞ்சணம் பிடிச்சு, தொலி தொலியா உரியும். அதைச் சுரண்டி எடுத்து மறுபடி பூச ஒனக்கு ஆவுற கூலியில ஆசாரி ஸ்கூட்டர் வாங்கிருவான். அரக்கை ஸ்பிரிட்டுல கரைச்சு அடிக்கப்பட்ட பாலீஷும் அப்படித்தான். தண்ணி பட்டா வெளுத்துப்போவும். அதெல்லாம் வீட்டுக்குள்ள பட்டத்துராணி, வெளிய வந்தா மயக்கம் போட்டுரும்.

வெளிய உள்ள மரத்துக்கு வேண்டியது உரியுற பூச்சு இல்ல, தேயுற பூச்சு. மரத்துக்குள்ள ஊறி, மேல தோலு கட்டாம, வெயில்ல பைய பைய மங்கிப் போறது. ‘ஸ்டெயின்’னு கேட்டு வாங்கு, ‘எக்ஸ்டீரியர்’னு டப்பாவுல அச்சடிச்சிருக்கான்னு கண்ணாடி போட்டுப் பாரு. நெறமே இல்லாததை வாங்காதே. நெறத்தூள்தான் வெயிலுக்குக் குடை. நம்ம வெட்டுக்கல்லுக்குச் செவப்பைக் கொடுக்கப்பட்ட அந்த இரும்பு ஆக்சைடு இருக்குல்லா, அதைத்தான் பொடிச்சு இதுலயும் போடுகான். ரேகையும் தெரியணும், வெயிலும் தடுக்கணும்னா பாதி தெரிஞ்சும் தெரியாமலும் இருக்கப்பட்ட ஸ்டெயின் எடு. ரேகை முழுக்க மறைஞ்சாலும் போட்டும், நாளு நிக்கணும்னா கெட்டி ஸ்டெயின். அதுக்குத்தான் தேக்கு வாங்கினியான்னு மட்டும் என்கிட்ட கேக்க வைக்காதே.

எண்ணெயா, தண்ணியில கலந்ததான்னு அடுத்துக் கேப்பே. எண்ணெயில உள்ளது ஆழமா எறங்கும், மெதுவாக் காயும், மங்கினா கழுவிட்டு மேல இன்னொரு கை பூசிக்கிடலாம். தண்ணியில கலந்தது வெரசாக் காயும், நெறம் கூடுதல் நாளு நிக்கும், நாத்தம் கெடையாது. ஆனா மேல லேசாத் தோலு கட்டும். அது விட்டுப்போச்சுன்னா தேய்க்காம கழியாது. வருசத்துக்கு ஒருக்க ஆளை விட்டுப் பாத்துக்கிட முடியும்னா எண்ணெய். எதுவானாலும் பூஞ்சணத்தைக் கொல்ல மருந்து சேத்திருக்கணும். ஆளிவிதை எண்ணெயைத் தனியா வாங்கித் தேச்சேன்னு வையி, நம்ம ஊரு ஈரத்துல பூஞ்சணம் அதைச் சோறாட்டு வாரித் தின்னும்.

நீ கடைக்குப் போவதுக்கு முந்தி ஊருல நாலு பேரு ஓசியில வைத்தியம் சொல்லுவாவ. ஒருத்தர், தேங்காண்ணெய் தேயிங்கா. தேங்காண்ணெய் எத்தனை நாளானாலும் காயாத எண்ணெய். கதவு பிசுபிசுன்னு ரோட்டுப் புழுதியை எல்லாம் வாங்கி வச்சுக்கிட்டு நிக்கும். இன்னொருத்தர் ஒர்க்‌ஷாப்புல இருந்து கரி ஆயில் வாங்கியா, சிதலு அண்டாதுங்காரு. சிதலு மட்டுமா, விருந்தாளியும் அண்ட மாட்டான். கைப்பிடியைத் தொட்டவன் வெள்ளை வேட்டி அதோட காலி. எஞ்சின்ல வெந்த அந்தச் சவத்துல உள்ள விஷம் மழையில ஒழுகி ஒன் கெணத்தடி மண்ணுல சேரும். பொறவு அந்த மரத்துல வேற எந்தப் பூச்சும் பிடிக்காது.

மூணாவது ஆளு கொஞ்சம் வெவரம் உள்ளவரு. “வள்ளத்துக்கு அண்டி எண்ணெய்தானே அடிச்சாவ?”ம்பாரு. உண்மைதான். முந்திரித்தோட்டு எண்ணெயும் மத்தி மீன் எண்ணெயும் பூசித்தான் இந்தக் கரையில பழைய மரவள்ளங்களைக் காப்பாத்தினாவ. ஆனா அந்தத் தோட்டு எண்ணெய் பட்டா கைத்தொலி வெந்துபோவும், கொல்லத்துல அண்டியாபீஸ்ல தோடு பொளிக்கப்பட்ட பெண்டுகளோட கையைப் பாத்தவனுக்குத் தெரியும். மத்தி எண்ணெய் பூசினேன்னா, பெண்டாட்டிக்கு முந்தி தெருவுல உள்ள பூனை எல்லாம் கிரகப்பிரவேசத்துக்கு வந்துரும். கடக்கரைக்காரன் கிட்ட நீ படிக்க வேண்டியது எண்ணெயை இல்ல, வேற ஒண்ணு. கட்டுமரத்தைக் கரை ஏத்தினதும் கயித்தை அவுத்து, தடியைத் தனித்தனியாப் பிரிச்சு மணல்ல காயப் போட்டாம்லா? நனையுறது மரத்துக்குக் கேடு இல்ல, காயாம கெடக்கதுதான் கேடுன்னு அவனுக்குத் தெரியும். அதனால ஒன் மரம் எங்கெல்லாம் தண்ணி தேங்கிக் கெடக்குன்னு பாரு. தூணு தரையில முட்டுற எடம், கைப்பிடி சந்திக்கிற மூலை. அங்கதான் மொதல்ல உளுக்கும்.

இன்னொண்ணு. மரக்கடைக்காரன் தேக்குன்னு தந்ததுல ஓரத்துல வெளுப்பா ஒரு பட்டை ஓடுதே, பாத்தியா? அது வைரம் இல்ல, வெள்ளை. பேரு தேக்கு, உள்ளுக்க சிதலுக்குச் சாப்பாடு. அதுல எந்த வால்நட்டைப் பூசினாலும் நெறந்தான் வரும், உறுதி வராது. கொச்சியில மீன்வளத் தொழில்நுட்பக்காரங்க ரப்பர் மரத்துலயே வள்ளம் செஞ்சு காட்டினாவ. ஆனா பிரஷ்ஷால பூசி இல்ல, மருந்தை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள்ள ஏத்தி. மேல தடவப்பட்டது எல்லாம் உடுப்புதான். உடம்பு மரத்தோடது.

செரி, மகரம் பொறந்தாச்சு, மரமும் காஞ்சாச்சுன்னு வச்சுக்கோ. நேரப் போயி பிரஷ்ஷை முக்காதே. மொதல்ல நல்ல தண்ணியில கழுவு. ஒன் வீட்டு மரத்துல கண்ணுக்குத் தெரியாம உப்பு படிஞ்சிருக்கு, நாக்கால தொட்டுப் பாரு. காத்துல ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டிச்சுன்னா உப்பு தானே தண்ணியை இழுத்துக் கரையும், நம்ம ஊருல அது தெனசரி காரியம். உப்பை உள்ள வச்சுப் பூசினா ஈரத்தையும் உள்ள குடிவச்ச மாதிரிதான்.

பொறவு ஆணி. ஆணித்தலையைச் சுத்திக் கறுப்பாக் கண்ணீரு வடிஞ்ச தடம் இருக்கும். மரத்துல உள்ள துவர்ப்பும் இரும்பும் சேந்தா மை ஆயிரும், அந்த மைதான் அது. ஆக்ஸாலிக் ஆசிட்டைத் தண்ணியில கரைச்சுத் தடவினா கறை போவும். கையுறை போட்டுக்கோ, நல்லாக் கழுவி விடு. ஆனா அந்த இரும்பாணியை அங்கேயே விட்டுட்டுக் கறையை மட்டும் எடுத்தா அடுத்த மழைக்குத் திரும்ப வந்து நிக்கும். பித்தளைத் திருகாணி போடு, இல்லன்னா 316-ன்னு முத்திரை உள்ள ஸ்டெயின்லெஸ் போடு. கடக்காத்துக்கு 304 நாளடைவுல பழுப்பேறும். தேய்க்கணும்னா இரும்புநாரைக் கையில எடுக்காதே. உதிர்ந்த பொடியெல்லாம் மரத்துல ஒட்டிக் கறுப்புப் புள்ளி குத்தும்.

உப்புத்தாளு 80-ல தொடங்கி 120-ல நிறுத்து, ரேகை போற போக்குல தேயி. வழவழன்னு வரட்டும்னு 220 போட்டு ஆசாரி தேய்ப்பான், கன்னத்தை வச்சுப் பாக்கச் சொல்லுவான். மயங்காதே. அம்புட்டு நைஸாத் தேச்சா கண்ணு அடைஞ்சு ஸ்டெயின் உள்ள எறங்காது. தேச்ச எடத்துல ஒரு சொட்டுத் தண்ணியை வையி. முத்தா உருண்டு நின்னா பழைய பூச்சு இன்னும் போவல, இல்லன்னா தேக்குல உள்ள எண்ணெய் மேல வந்து நிக்கு. தின்னர் நனைச்ச துணியால தொடச்சு, மறுபடி சொட்டு வையி. சொட்டு பரவி மரம் கறுத்தா, அது குடிக்கத் தயாரா இருக்கு.

இனி நெறம், ஒனக்குப் பிரியப்பட்ட சங்கதி. ஃபோனுல உள்ள நெறம் ஃபோனுக்கு உள்ளது. ஒன் மரத்துலயே மிச்சம் வந்த துண்டுல ரெண்டு கை பூசிக் காயவிட்டு, காலையிலயும் உச்சி வெயில்லயும் வச்சுப் பாரு. டப்பா நாலுன்னா நாலையும் ஒரு வாளியில ஊத்திக் கலந்துக்கோ, இல்லன்னா தூணுக்குத் தூணு நெறம் மாறும். அடியில தூளு மண்டி நிக்கும், இடைக்கிடைக் கிண்டிக் கொடுக்கணும். வெயிலு அடிக்கப்பட்ட சொவருல பூசாதே. காலையில மேக்குப் பக்கம், உச்சி சாஞ்ச பொறவு கெழக்குப் பக்கம், நிழலு பொறத்தாலயே போ. ஒரு பலகையைத் தொடங்கினா அந்த அத்தம் முடிச்சிட்டுத்தான் வெத்தலைக்குக் கை நீட்டணும். பாதியில விட்டா விட்ட எடம் கோடு விழுந்து, அந்த வீட்டுல நீ இருக்கற காலம் மட்டும் ஒன்னைப் பாத்துச் சிரிக்கும். எண்ணெய் ஸ்டெயின்னா கா மணி நேரம் கழிஞ்சு, மரம் குடிக்காம மிச்சம் வச்சதைத் துணியால தொடச்சு எடுத்துரு. காசு போவுதேன்னு விட்டா பிசினாட்டு நிக்கும், காயவே காயாது.

பலகையோட வெட்டுமுகம் இருக்கே, அங்கதான் மரத்துக்கு வாயி. மத்த எடத்துல தடவு, அங்க ஊட்டு. குடிக்கக் குடிக்கக் கொடு. வாசக்கதவைக் கழத்தி அடிவிளிம்பைப் பாரு. ஊருல பத்துக் கதவுல ஒம்பது கதவுக்கு அங்க ஒரு சொட்டுப் பூச்சு இருக்காது. முன்னால சாமி விக்கிரகமாட்டு மினுங்கும், அடியில எடவப்பாதியை உறிஞ்சிட்டு நிக்கும். பொறவு கதவு ஊதி அடையலன்னு ஆசாரிக்குப் பழி.

இதுல மட்டும் நான் விளையாடல, கவனமாக் கேளு. ஆளிவிதை எண்ணெய் சேந்த ஸ்டெயினைத் தொடச்ச துணியைச் சுருட்டி மூலையில எறியாதே. அது காயும்போது காத்தோட சேந்து சூடு ஏறும். குவிச்சுப் போட்டா சூடு வெளிய போவாம சில மணி நேரத்துல தானே தீப்பிடிக்கும், தீப்பெட்டி வேண்டாம். ஒவ்வொரு துணியையும் வெளிய விரிச்சுக் காயப் போடு, இல்லன்னா தண்ணி நெறச்ச தகர வாளியில முக்கி வையி. மரத்தைக் காப்பாத்தப் போயி வீட்டைக் கொளுத்தினவன்னு பேரு வாங்காதே.

இம்புட்டும் செஞ்சாலும் இது ஒரு தடவையோட தீராது. மழையும் வெயிலும் மேல விழுற கைப்பிடிக்கு வருசத்துக்கு ஒருக்க, கூடிப்போனா ரெண்டு வருசத்துக்கு ஒருக்க. சாய்ப்புக்கு அடியில உள்ள தூணுக்கு அதுக்கும் மேல தாங்கும். 1972-ல இருந்து நிக்கப்பட்ட நம்ம கலங்கரை விளக்கம் காங்கிரீட்டுதான், அதுக்கே செவப்பும் வெள்ளையும் திருப்பித் திருப்பி அடிக்கணும், அதுக்கு மத்திய சர்க்காருல ஒரு துறையே இருக்கு. ஒன் பால்கனிக்கு எந்தத் துறை இருக்கு? நானா? எனக்கு முட்டு வலி.

பின்ன என்ன செய்யன்னு கேக்கியா? பூசாமலும் விடலாம். நல்ல வைரம் பாஞ்ச தேக்கைத் தண்ணி தேங்காம வச்சா, வெயிலு பட்டு வெள்ளிச் சாம்பலா நரைக்கும், அம்புட்டுத்தான். பைன் கணக்கா மெது மரமே வெட்டவெளியில நின்னா நூறு வருசத்துக்கு ஏறக்கொறய 6 மில்லிமீட்டர்தான் தேயும்னு கணக்குச் சொல்லுகாவ. ஒன் தேக்குக் கைப்பிடி தேஞ்சு தீரறதைப் பாக்க ஒன் பேரனுக்குப் பேரன் வரணும். ஒனக்கு நரை பிடிக்காதுன்னு ஒன் தலையைப் பாத்தாலே தெரியுது. மீசைக்கும் சேத்து மை அடிச்சிருக்கே. அதையும் மாசா மாசம் அடிக்கத்தானே செய்யுகே?

அதனால முடிவாச் சொல்லுகேன். நெறம் வேணும்னா வருசா வருசம் கும்பத்துல ஆளு விடு, கூலி கொடு, மொகம் சுளிக்காதே. அதுக்கு ஆவாதுன்னா கழுவித் தொடச்சு நரைக்க விடு. ரெண்டும் மரத்துக்கு மரியாதைதான். ஒருக்க பூசி ஆயுசுக்கும் மினுங்கணும்னு ஆசைப்பட்டேன்னா, தேக்கை வித்துட்டு அலுமினியம் வாங்கு. அதுலயும் இப்ப வால்நட் நெறம் இருக்குதாம்.